ஹவுல் இடப்பக்கமா, வலப்பக்கமா?



போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு பழைய அச்சுப்படத்தின் பிரதியைக் காட்டினேன். கெய்ரோவில் இருக்கும் சுல்தான் ஹஸன் பள்ளிவாசல். "சேர், பள்ளி கட்டின காலத்திலேயே வரைஞ்சதா?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பள்ளியைக் கட்டத் தொடங்கியது 1356இல். வரைந்த டேவிட் ராபர்ட்ஸ் என்ற ஸ்கொட்லாந்து ஓவியர் அங்கே போனது 1838-39இல். கிட்டத்தட்ட 480 வருட இடைவெளி! அதில் தெரியும் கும்மட்டம்கூட முதலில் கட்டியது அல்ல, 17ஆம் நூற்றாண்டில் மாற்றிக் கட்டியது. கட்டிக்கொண்டிருந்தபோதே 1361இல் ஒரு மினாரா இடிந்து பெருந்தொகையானோர் மவுத்தானார்கள். உள்ளே நான்கு மத்ஹபுக்கும் தனித்தனி மத்ரஸா. நம்ம ஷாஃபி மத்ஹபுக்கும் ஒன்று என்றதும் பிள்ளைகளுக்குச் சந்தோசம்.

பள்ளிகளுக்குள் வரைய ராபர்ட்ஸுக்கு அனுமதி கொடுத்தவர்கள், பன்றி மயிர்த் தூரிகை பாவிக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்களாம். அவர் ஒத்துக்கொண்டார். அந்த ஓவியங்களை லூயி ஹாக் என்பவர் கல்லச்சில் ஏற்ற, 1840களில் லண்டனில் புத்தகமாக வந்தன.

படத்தை வாப்பாவிடமும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். பிறகு, "ஹவுல் எங்க மகன்?" என்றார். இது வெளித்தோற்றம், ஹவுல் உள்ளே என்றேன்.

அதோடு கெய்ரோ மறந்து போயிற்று. எங்கட தெருப் பள்ளியின் பழைய ஹவுல், அதன் வழுக்குப் படி, சின்ன வயதில் அவர் விழுந்தது என்று கதை நீண்டது. பள்ளிக்கு முன்னால் எடுத்த போட்டோ ஒன்று வீட்டுச் சுவரில் தொங்கினதாம். 1990 ஒக்டோபர் 30 அன்று கிடைத்தது இரண்டு மணித்தியாலம். எனக்கு அப்போது ஒன்றரை வயது. என் பால்மா டின்னை எடுத்த கைக்குப் போட்டோ ஞாபகம் வரவில்லை.

கொப்பித் தாளில் வரைவோம் என்று உட்கார்ந்தோம். வாப்பா ஹவுலை வாசலுக்கு இடப்பக்கம் போட்டார். பின்னேரம் வந்த பக்கத்து வீட்டுக் காக்கா, "இல்ல, வலப்பக்கம்" என்று ஒரே பிடியாக நின்றார். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. தேத்தண்ணி ஆறிப்போனதுதான் மிச்சம்.

புத்தளத்திலோ, கொழும்பிலோ, வெளிநாட்டிலோ இருக்கும் எங்கட தெரு ஆட்களே, கலியாண அல்பத்தில், பெருநாள் போட்டோவில், பின்னாலே பள்ளியின் ஒரு மூலை தெரிந்தாலும் அனுப்புங்கள். போட்டோ இல்லாதவர்கள், ஹவுல் இடமா வலமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டுக் கீழே எழுதுங்கள். காக்கா நாளைக்கும் வருவார்.