பின்னால் ஒருத்தி

"குழந்தை பிறந்த பிறகு இதெல்லாம் எதற்கு?" இந்தப் பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்குமே, சகோதரி?

ஹைதராபாத் ஸானியா மிர்ஸாவுக்கு 2018 அக்டோபரில் மகன் பிறந்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் பந்தயங்களில் கலந்துகொள்ளாதவர், 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலுள்ள ஹோபார்ட் நகருக்கு டென்னிஸ் ஆடப் போனார். பெண்கள் இரட்டையர் ஆட்டத்தில் உக்ரேன் நாட்டு நாடியா கிச்செனோக் அவருக்கு ஜோடி. இறுதி ஆட்டத்தில் சீனாவின் பெங் ஷுவாய், ஷாங் ஷுவாய் ஜோடியை 6-4, 6-4 என்று ஜயித்துவிட்டார்கள்!

ஜோடி ஆட்டத்தில் ஓர் அழகு உண்டு. வலையருகே நிற்பவளைத் தாண்டிப் போகும் பந்தைப் பின்னால் நிற்பவள் ஓடிப்போய் எடுப்பாள். "குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஆபீஸுக்குப் போ" என்று என் அம்மா சொன்னாளே, அதுவும் இந்த ஆட்டந்தான்.

சரி, நீங்கள் யாருக்குப் பின்னால் நிற்கப் போகிறீர்கள்?