மையாடல்

அப்பா மறைந்தபின் உதகை வீட்டைக் காலி செய்தபோது, கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியில் பழைய கம்பளிச் சால்வை சுற்றிய ஒரு கால்ஃப் மட்டை கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடச் சரியன்று. அது அங்கே இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பந்தைப் புல்தரையில் மெல்ல உருட்டிக் குழிக்குள் சேர்க்கும் மட்டை அது, ‘பட்டர்’ என்பார்கள். எங்கள் சிறுவயதில், மழை விடாத நாட்களில், அப்பா சிமெண்டுத் தரையில் ஓர் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து அதற்குள் பந்தை உருட்டிக் காட்டுவார். பத்துக்கு எட்டு உள்ளே போகும்.

அப்பா கால்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமப்பவராக இருந்தார். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ‘கேடி’ என்று பெயர். தமிழில் அச்சொல்லுக்கு உள்ள பொருளை விளக்க வேண்டியதில்லை. பள்ளியில் தந்தையின் தொழிலைக் கேட்டபோது உள்ளதைச் சொன்னோம், வகுப்பே சிரித்தது. அதன்பின் ‘கூலி’ என்றே எழுதிவந்தோம்.

சிரிப்பைக்கூட மறந்துவிடலாம். மட்டையின் அடிப்பாகத்தில், ஓரமாக, மூன்று ஆங்கில எழுத்துகள் குத்தப்பட்டிருந்தன. யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள். ஊரைவிட்டுப் போன எஸ்டேட் துரை ஒருவர் கொடுத்தது என்று அப்பா சொல்லியிருந்தார். கொடுத்ததா, எடுத்ததா என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு இருந்தது. ஒருநாள் நாங்களும் கேட்டுவிட்டோம். “தொரை குடுத்ததுப்பா” என்றார் அப்பா. அவ்வளவுதான். அதன்பிறகு எங்கள் முன்னால் அவர் பந்து உருட்டவில்லை.

எங்கள் இருவரில் ஒருவருக்குத் தொழில் தமிழ் கற்பித்தல். மற்றவருக்குக் கோவையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை. மட்டை பட்டறைக்குப் போனது. கறுத்து, பச்சைக் களிம்பு ஏறி, எழுத்துகளுக்குள் பல ஆண்டு அழுக்கு அடைந்திருந்தது. புதுப்பித்துக் கண்ணாடி அலமாரியில் வைப்பது என்று முடிவாயிற்று. தம்பி ஒரு சின்ன அரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டான். “அந்த மூணு எழுத்த மட்டும் ராவி எடுத்துப்போடலாங்ணா. வீட்டுக்கு வர்றவங்க கேப்பாங்க, எதுக்கு?” மறுத்துப் பேசத் தோன்றவில்லை. அவன் சொன்னது எங்கள் இருவர் மனத்திலும் இருந்ததுதான்.

மட்டையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இதை வடிவமைத்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா சென்று, தந்தையைப் போலச் செருப்புத் தொழில் செய்து, பிறகு பொறியாளர் ஆனவர். 1959இல் தம் வீட்டுக் கார் கொட்டகையில் முதல் மட்டையைச் செய்தார். பந்தைத் தொட்டதும் அது எழுப்பிய ஒலியே ‘பிங்’ என்று அதற்குப் பெயராயிற்று. 1966இல், கைக்குக் கிடைத்த ஓர் இசைத்தட்டின் உறைமேல் அவர் வரைந்த வடிவம்தான் எங்கள் கையிலிருந்த ‘ஆன்ஸர்’. தலையின் எடையை இரு முனைகளுக்கும் பிரித்துவிட்டதால், பந்து நடுவில் படாமல் சற்று விலகிப் பட்டாலும் மட்டை அதிகம் திரும்பாது. ‘விடை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் முழுவதும் மட்டையில் அடங்கவில்லை. ‘டபிள்யூ’வை விட்டுவிடலாம், ஒலி மாறாது என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி லூயிஸ். புள்ளியில்லாத ஏடுகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை. உலோகத்தின் பெயர் மாங்கனீசு வெண்கலம். பெயர்தான் வெண்கலம், செம்பும் துத்தநாகமுமே பெரும்பகுதி என்பதால் இனம் பித்தளையே. ஆகவே வைத்தியமும் பித்தளைக்கு உரியதே: புளி.

கரைத்த புளியைத் தடவிக் கால்மணி நேரம் வைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவியதும் கறுப்பு விட்டு மஞ்சள் தெரிந்தது. பின்னர் வாட்டர் பேப்பர்: முதலில் 220, அடுத்து 400, கடைசியில் 600, தண்ணீர் தொட்டு ஒரே திசையில். பந்தைத் தொடும் முகத்தை மட்டும் தேய்க்கவில்லை. அதன் சமதளம் கெட்டால் பந்து கோணிப் போகும். பளபளப்பு ஏற்றவும் இல்லை. வெயிலில் கண்ணைக் கூசும் மட்டையை ஆட்டக்காரர்கள் விரும்புவதில்லை என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறோம்.

எல்லாம் சுத்தமான பிறகும் அந்த மூன்று எழுத்துகளில் மட்டும் பச்சை போகவில்லை. களிம்பு என்றே எண்ணினோம். மறுபடியும் புளி வைத்தோம், அசையவில்லை. தம்பி பஞ்சில் தின்னர் தொட்டு முதல் எழுத்தைத் துடைத்தான். பஞ்சு பச்சையாயிற்று. அவன் கை நின்றுவிட்டது. களிம்பு புளிக்குக் கரையும், தின்னருக்குக் கரையாது. புளிக்கு அசையாமல் தின்னருக்குக் கரைவது பெயிண்ட்.

டியூப்லைட்டின் கீழே கொண்டுபோய் இரண்டாம் எழுத்தை ஊசிமுனையால் கிளறிப் பார்த்தான். “ரெண்டு கோட்டுங்ணா. அடியில இருக்கறது பழசு, மேல இருக்கறது அப்பறம் வெச்சது.” பிறகு மெதுவாகச் சொன்னான்: “இது நம்ம ஊட்டு ஜன்னல் பச்சை.”

எங்கள் சிறுவயதில் அந்த வீட்டு ஜன்னல்களுக்கு இரண்டுமுறை பச்சை அடித்தார்கள், அடித்தவர் அப்பாதான். இரண்டுமுறையும் டப்பாவின் அடியில் மிஞ்சியதைத் தொட்டு, வேறொருவர் பெயரின் மூன்று எழுத்துகளை அவர் நிரப்பியிருக்கிறார். தயாரித்தவர்களின் பெயரில் வண்ணத்தின் தடயமே இல்லை. நிரப்பியது இதை மட்டும்தான். எடுத்து வந்தவன் உடையவனின் பெயரை மறைப்பான், மங்கினால் மகிழ்வான். மங்க மங்கத் துலக்கி வைப்பானா? வழக்குமன்றத்தில் இது சாட்சியம் ஆகாது என்பதை அறிவோம். ஆனால் கேள்வி கேட்டவர்கள் நாங்கள். எங்களுக்கு இது போதும். பதிலைக் கேட்டுக்கொள்ள ஏறத்தாழ முப்பது ஆண்டு தாமதமாகிவிட்டது என்பதுதான் வருத்தம்.

ஏட்டுச்சுவடியில் எழுத்தாணி கீறுகிறதே தவிர, எழுத்து உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. மாவிலைக் கரியையோ விளக்குக் கரியையோ பச்சிலைச் சாற்றில் குழைத்து ஓலைமேல் தடவித் துடைத்தால், மேலே உள்ளது போய்க் கீறலுக்குள் இருப்பது மட்டும் நிற்கும். இதை மையாடல் என்பர். இந்தச் சொல்லை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் விளக்கியிருக்கிறோம். எங்கள் வீட்டில் அதைச் செய்தவர் ஒருவர் இருந்தது தெரியாது.

அரம் மறுபடி பெட்டிக்குள் போயிற்று. பச்சை எனாமல் ஒரு சிறு டப்பா வாங்கினோம். தின்னரில் கரைந்துபோன முதல் எழுத்தை மட்டும் நிரப்பினோம். மற்ற இரண்டிலும் இருப்பது அப்பா வைத்தது, அதைத் தொடவில்லை. பல்குச்சியின் முனையில் ஒரு துளி எடுத்துப் பள்ளத்தில் விட்டால் மூலைகளுக்கு அதுவே ஓடிப் பரவும். காய்ந்தால் பெயிண்ட் உள்வாங்கும் என்பதால் விளிம்புக்குச் சற்று மேலே நிற்குமாறு விட வேண்டும். இரண்டு நாள் காயவைத்து, மரத்துண்டில் சுற்றிய 1000 பேப்பரால், அந்த எழுத்தின்மேல் மட்டும் தண்ணீர் தொட்டு நீவினோம். வெறும் விரலால் தேய்த்தால் பேப்பர் பள்ளத்துக்குள் அமிழ்ந்து பெயிண்டைப் பெயர்த்துவிடும். வழிந்தது போய், எழுத்து நின்றது. நிறம் அப்பாவுடையதோடு முழுக்கப் பொருந்தவில்லை. எங்களுடையது சற்றுப் புதிதாகத் தெரிகிறது. தெரியட்டும்.

அன்று மாலை பட்டறைச் சிமெண்டுத் தரையில் டீக்கடை டம்ளர் ஒன்றைப் படுக்கவைத்து ஆளுக்குப் பத்துமுறை உருட்டிப் பார்த்தோம். இருவருக்கும் சேர்த்து மூன்றுதான் உள்ளே போனது.