ஒரு கையும் ஒரு குழந்தையும்

2015-இல் 'பாகுபலி'யின் முதல் போஸ்டர் வந்தபோது அதில் பிரபாஸ் இல்லை, ராணா இல்லை. வாள், குதிரை, கோட்டை எதுவும் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து மேலே நீண்ட ஒரு கை. அந்தக் கையில் ஒரு பச்சைக் குழந்தை. அவ்வளவுதான்.

கோடிகோடியாய்க் கொட்டிப் படம் எடுத்துவிட்டு, ஹீரோவின் முகத்தை ஒளித்துவைக்க நெஞ்சுரம் வேண்டும். நம் ஊர்ச் சுவர்களில் முகம்தான் வியாபாரம். அந்தப் படத்துக்காகவே கொச்சியில் ஐம்பதாயிரம் சதுர அடிக்கு மேல் ஒரு போஸ்டரை விரித்துக் கின்னஸ் சாதனையும் செய்தார்கள். என்னைத் தியேட்டருக்கு இழுத்துப் போனது அந்தப் பிரம்மாண்டம் இல்லை, இந்த ஒற்றைக் கைதான்.

யோசித்துப் பார்த்தால், முகம் இருந்தால் 'யார் நடிச்சிருக்காங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கையை மட்டும் காட்டினால் நாம் கேட்கத் தொடங்குவோம்: மூழ்குவது யார்? குழந்தையை வாங்கிக்கொள்ள யாராவது வருவார்களா? போதாக்குறைக்கு, வசுதேவர் கண்ணனைக் கூடையில் சுமந்து யமுனையைக் கடந்த கதை சிறு வயதிலேயே நம் காதில் விழுந்திருக்கிறது. வெள்ளத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் குழந்தை சாதாரணக் குழந்தையாய் இருக்காது என்று மனசு தானாகவே முடிவுகட்டிவிடுகிறது. இவ்வளவையும் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் சொல்லிவிட்டார்கள். படத்திலும் அந்தக் காட்சி ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. முதுகில் அம்பு பாய்ந்த அரசி சிவகாமி ஆற்றோடு போகிறாள். போகும்போது அருவியின் உச்சியை நோக்கி விரலை நீட்டுகிறாள். போஸ்டர் எழுப்பிய கேள்விக்குப் பதில் கிடைத்த கையோடு, அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று வந்து நிற்கிறது.

பொய் சொல்லும் போஸ்டரும் உண்டு. 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு டாம் ஜங் வரைந்ததைப் பாருங்கள். திறந்த மார்போடு லூக் ஒளிவாளைத் தலைக்கு மேல் ஓங்கி நிற்கிறான். வாளின் ஒளி சிலுவைபோல் நாலா பக்கமும் பாய்கிறது. பின்னால் வானத்தையே அடைத்துக்கொண்டு வில்லன் டார்த் வேடரின் கறுப்புத் தலைக்கவசம். படத்தில் லூக்காக வரும் மார்க் ஹாமிலோ ஒல்லியான பண்ணைப் பையன். வாளை வைத்து அவன் அந்தப் படத்தில் ஒருவரோடும் சண்டை போடுவதில்லை. விண்கலத்தில் பயிற்சி எடுப்பதோடு சரி. ஆனாலும் ஏமாந்தோம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பையன் தன்னைப் பற்றிக் காணக்கூடிய கனவை ஜங் வரைந்திருக்கிறார். வில்லனை எத்தனை பெரிதாக வரைந்தாரோ, லூக்கின் மனசில் அத்தனை பயம். மாயாஜாலப் படம் பார்க்க நாம் போவதும் அந்தக் கனவுக்கும் பயத்துக்கும்தானே, அங்க அளவுக்கா போகிறோம்?

இப்போது வருகிற பல போஸ்டர்களில் கனவும் இல்லை, பயமும் இல்லை. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு. நடுவில் நடிகர் பட்டாளம், ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருவர் தோளுக்குப் பின்னால் ஒருவராக. இந்த அடுக்குமுறையை முதல் 'ஹாரி பாட்டர்' உட்படப் பல படங்களுக்கு போஸ்டர் ஓவியர் ட்ரூ ஸ்ட்ரூசன் கையாலேயே வரைந்தார். அவர் தூரிகையில் ஒரு முகம் இன்னொரு முகத்தின் நிழலில் கரையும். கணினியில் வெட்டி ஒட்டுகிறவர்கள் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, கரைவதை விட்டுவிட்டார்கள். ட்ராகனையும் காட்டி, அதைக் கொல்லப்போகும் வாளையும் காட்டி, மந்திரவாதியையும் மூலையில் செருகிவிட்டால், டிக்கெட் வாங்கிப் பார்க்க மிச்சம் என்ன இருக்கிறது?

அடுத்த மாயாஜாலப் படத்துக்கு போஸ்டர் ஒட்டும்போது நின்று முகங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்துக்கு மேல் போனால் முதல் நாள் முதல் காட்சிக்கு அலைய வேண்டாம். விமர்சனம் வந்த பிறகு போனால் போதும்.