தஞ்சோங் துவானில் தேன்பருந்து

பள்ளி விடுமுறையில் ஒரு முறையாவது போர்ட்டிக்சன் போகாத தோட்டக் குடும்பம் உண்டா? கடலில் குளித்து, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை மார்ச் மாதத்தில் போங்கள். பட்டணத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தஞ்சோங் துவானையும் பார்த்துவிட்டு வாருங்கள். சுற்றிலும் நெகிரி செம்பிலான் இருக்க, இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது!

காட்டு வழியே மேட்டுப் பாதையில் ஏற வேண்டும். குரங்குகளிடம் சாப்பாட்டுப் பை பத்திரம். உச்சியில் 1863-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. எதிரே மலாக்கா நீரிணை. அக்கரையில் சுமத்திராவை ஒட்டிய ரூப்பாட் தீவு, ஏறக்குறைய 38 கிலோமீட்டர் தூரம். நீரிணை ஒடுங்கும் இந்த இடத்தில்தான் தேன்பருந்துகள் கடலைத் தாண்டுகின்றன.

ஜப்பானிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தெற்கே வந்த பறவைகள் இவை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஊர் திரும்புகின்றன. நிலத்தின் மேல் எழும் சூடான காற்றில் சிறகசைக்காமல் மிதப்பது இவற்றின் வழக்கம். கடலின் மேல் அந்த வசதி இல்லை. ஆகவே சிறகடித்துக் களைத்து, கரை சேரும்போது நம் தலைக்கு மேல் தாழ்வாகவே வருகின்றன. “கருடன்! கருடன்!” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடாதீர்கள். கருடன் வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட உள்ளூர்க்காரர். இது குளவிக்கூட்டைப் பிய்த்துப் புழுவைத் தின்னும் வெளியூர்க்காரர்.

இனி, படம் பிடிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சில வார்த்தைகள். உச்சி வெயில் பறவையின் முதுகில் விழும்; நமக்குத் தெரிவதோ நிழலான வயிற்றுப்புறம். வெளுத்த வானத்தின் முன்னால் பறவை கரிக்கட்டையாகத்தான் படத்தில் விழும். கணினியில் அந்த நிழலைச் சற்று வெளிச்சப்படுத்தினால் இறகின் கோடுகள் வெளிவரும். கேமராவின் சென்சாரில் ஒட்டிய தூசி வானத்தில் புள்ளியாகத் தெரிந்தால் துடைக்கலாம். சாய்ந்த கடலை நேராக்கலாம். இதிலெல்லாம் தவறே இல்லை.

இதற்கு மேல் கை போகும்போதுதான் வினை. முன்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண்ணின் படத்தில், ஸ்டூடியோக்காரர் நெகட்டிவிலேயே பென்சிலால் அம்மைத் தழும்பை மறைத்துவிடுவார். பெண் பார்க்க வந்தவர்கள் நேரில் பார்த்துக்கொள்வார்கள். பருந்து அப்படி வந்து முகம் காட்டுமா? படம்தான் சாட்சி.

ஓர் உதாரணம். வளர்ந்த ஆண் தேன்பருந்துக்குக் கண் கருப்பு, பெண்ணுக்கு மஞ்சள். “கண் பளிச்சென்று இருக்கட்டுமே” என்று மஞ்சள் பூசினால் ஆண் பெண்ணாகிவிடுகிறது! சிறகு நுனியில் விரல்கள்போல விரிந்த இறகுகளை எண்ணுங்கள். இதற்கு ஆறு, ஐரோப்பாவில் வாழும் இதன் சொந்தக்காரப் பறவைக்கு ஐந்து. மங்கலான நுனியை வழவழவென்று இழைத்துவிட்டால் எந்தப் பறவை என்றே சொல்ல முடியாது. உதிர்ந்த இறகின் இடைவெளியை அழகுக்காக அடைத்தாலும் இதே கதைதான். பறவை இறகு மாற்றும் பருவத்தைச் சொல்லும் அடையாளம் அது.

ஒரு பருந்தை நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டி, ஒன்றை மூன்றாக்குவோரும் உண்டு. ஆண்டுதோறும் வெயிலில் நின்று, வருகிற பருந்தை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்களே, அவர்களுக்குச் செய்யும் அநியாயம் அது.

பெரிய பத்திரிகைகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ அட்டைக்காக எகிப்தின் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்தது. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. இன்று அதே வேலையைக் கைப்பேசி ஒரு விரல் தட்டலில் செய்கிறது. சில வேளை கேட்காமலேயே செய்கிறது.

அதனால் எடுத்த படத்தை அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு, மற்றொன்றில் கைவையுங்கள். எதையாவது சேர்த்தாலோ நீக்கினாலோ, படத்தின் கீழ் ஒரு வரி எழுதிவிடுங்கள். 

காலை 11 மணிக்குள் மேலே போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். மழை நாளில் பருந்து வராது. அன்று கடலில் குளிப்பதும் சரியில்லை, வீட்டிலேயே இருங்கள்.