உள்ளங்கையளவு கண்ணாடி

என் தங்கை டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பத்துக் குளிர்காலங்களைக் கழித்தவள். கார்க் கண்ணாடியில் உறைந்த பனியை எப்படி எடுப்பதென்று தனக்குத் தெரியாது என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலூர் வெயிலில் வளர்ந்து, காரே ஓட்டத் தெரியாத எனக்கு அப்படிச் சிரிக்க எந்தத் தகுதியும் இல்லை.

அவள் கணவரைப் பிரிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் கல்லூரியில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஜனவரியில் போயிருந்தேன். "அடிச்சாரா?" என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். அடிக்கவில்லை. குடிக்கவும் இல்லை. எல்லாவற்றையும் அவரே செய்தார், அவ்வளவுதான். வங்கி அட்டை அவரிடம். வரிக் கணக்கு அவரிடம். காலையில் காரைச் சூடாக்கி, கண்ணாடியைத் துடைத்து, வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். "நீ உள்ளேயே இரு, குளிரும்" என்பார். அதைக் கேட்டு எங்கள் அம்மா பூரித்துப் போவார். நானும்தான். பெண்ணியம் பேசும் கவிதைகளை எழுதிக்கொண்டிருந்த நான், 'தங்கச்சிக்குக் கொடுத்து வச்சிருக்கு' என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

தங்கைக்கு முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். நான் போன மூன்றாம் நாள், மைனஸ் 17 டிகிரி. இருட்டில் இருவரும் கீழே இறங்கினோம். திறந்தவெளியில் நின்ற காரின் முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. கோலமாவைக் கரைத்துக் கொட்டிக் காயவிட்டதுபோல இருந்தது. அவள் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்துச் சுரண்டினாள். கையுறை நனைந்து விறைத்தது. பத்து நிமிடம் போராடியும் ஓட்டுநர் பக்கத்தில் உள்ளங்கையளவு இடம்தான் தெளிந்தது. மணியைப் பார்த்தாள். "போதும்க்கா, ஏறு" என்றாள்.

அந்த ஓட்டை வழியாக ஓட்டினாள். பக்கக் கண்ணாடிகள் மூடியே கிடந்தன. என் மூச்சுக்காற்று உள்பக்கத்திலும் படிந்து உறைந்தது. முதல் திருப்பத்திலேயே சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டியை அவள் பார்க்கவில்லை. நான் கத்தினேன். பிரேக்கை மிதித்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு போய் ஒரு முழ தூரத்தில் நின்றது. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. கையிலிருந்த பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு மெல்லக் கடந்து போனார்.

ஓரமாக நிறுத்திவிட்டுத் தங்கை ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்கு ஒரு போன் பண்ணட்டுமாக்கா?" என்று கேட்டாள். "காலையில வந்து கிளீன் பண்ணிட்டு மட்டும் போகச் சொல்றேன்."

மட்டும் என்ற அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. வங்கி அட்டையும் முதலில் 'இதை மட்டும்' என்றுதான் கைமாறியிருக்கும். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடுங்கிக்கொண்டிருப்பவளிடம் கொள்கை பேச முடியாது. "இன்னைக்குப் பண்ணாத. நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன்.

சாயங்காலம் வெந்நீர் யோசனை என்னுடையதுதான். ஒரு குடம் கொதிக்க வைத்து ஊற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். லிஃப்டில் பார்த்த மாடி வீட்டு அக்காவிடம் அதைச் சொன்னதும் பதறிவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். "ஐயோ தங்கச்சி, சுடுதண்ணி ஊத்திப்போடாதையுங்கோ. கண்ணாடி வெடிச்சுப்போகும்." பிறகு என்னை உற்றுப் பார்த்து, "என்ர மனுசன் செத்து முதல் விண்டருக்கு நானும் உப்பிடித்தான் நிண்டனான்" என்றார்.

அன்றிரவு அவர் கீழே வந்து கற்றுக்கொடுத்ததை ஓர் ஆய்வு மாணவிபோலக் குறித்துக்கொண்டேன். வேலை காலையில் இல்லை, முந்தைய இரவிலேயே தொடங்குகிறது. வைப்பர்களைத் தூக்கி நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும். பழைய பெட்ஷீட்டை முன்கண்ணாடியில் விரித்து, இரு ஓரத்தையும் கதவில் சொருகிச் சாத்த வேண்டும். மேகமில்லாத இரவில்தான் ஆபத்து அதிகம். கண்ணாடி தன் சூட்டைத் திறந்த வானத்திடம் இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடும். காற்றின் ஈரம் நீராகாமலே அதன்மேல் படிகமாக ஒட்டும். துணி குறுக்கே நின்றால் அந்தப் பனி துணியில் படிகிறது. வேறு சூட்சுமம் ஒன்றும் இல்லை.

மீறி உறைந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. கலந்து பீய்ச்சினால் நெகிழ்ந்துவிடும். ஹீட்டரைப் போட்டதும் உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிட வேண்டும். நம் மூச்சும் பூட்ஸ் ஈரமும் உள்ளேயே சுற்றினால் கண்ணாடி மறுபடி மங்கும். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் ஈரம் குறைந்தது. புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் வண்டிக்குள் உட்கார்ந்து சூடேற்றக் கூடாது, விஷவாயு உள்ளே வரும். கடைசியாக, சட்டம். ஓட்டை போட்டுக்கொண்டு ஓட்டுவது ஒன்டாரியோவில் குற்றம். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

இவை எதற்கும் தசைபலம் தேவையில்லை. பத்து வருடத்தில் ஒருநாள், கால் மணி நேரம் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். 'குளிரும், உள்ளேயே இரு' என்பதற்கு அவ்வளவு விலை.

இந்த இடத்தில் மேரி ஆண்டர்சனைச் சொல்லாமல் போக மனமில்லை. அமெரிக்காவின் அலபாமாக்காரர். 1902 குளிர்காலத்தில் நியூயார்க் போனபோது, டிராம் ஓட்டுநர் உறைமழையில் பாதை தெரியாமல் முன்கண்ணாடியைத் திறந்துவைத்து ஓட்டியதைப் பார்த்தார். உள்ளிருந்தபடியே கைப்பிடியால் இயக்கும் ரப்பர் துடைப்பானை வடிவமைத்து, 1903 நவம்பர் 10 அன்று காப்புரிமை பெற்றார். அதை வாங்கச் சொல்லி அவர் அணுகிய நிறுவனம் கனடாவில்தான் இருந்தது. வியாபார மதிப்பு இல்லையென்று மறுத்துவிட்டார்கள். காப்புரிமை காலாவதியானது, வைப்பர் எல்லாக் கார்களிலும் ஏறியது, அவர் கைக்குக் காசு எதுவும் வரவில்லை. கண்ணாடியைத் துடைக்கும் அறிவு ஆணுக்கே உரியது என்று நம் வீடுகளுக்கு யார் சொன்னார்கள்?

வகுப்பில் நான் தொல்காப்பியம் நடத்துகிறவள். பின்பனிக் காலத்தையும் பாலைத் திணைக்கு உரியதாக அது சொல்கிறது. பிரிவின் திணை. பிரிந்து போகிறவன் தலைவன். வீட்டில் இருப்பவள் தலைவி. இருபது ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். பனியில் இறங்கி வேலைக்குப் போகும் தலைவியைப் பற்றி ஒரு மாணவிகூட என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

தங்கை சட்டென்று கற்றுக்கொண்டுவிடவில்லை. ஒருநாள் துணியை விரிக்க மறந்தாள். ஒருநாள் துணியே கண்ணாடியோடு உறைந்து, இருவரும் பிய்த்தெடுத்தோம். முதலில் நனைந்த துணியை விரித்தது என் தவறு. ஒரு காலையில் சுரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள். அன்று நான் சுரண்டினேன். விரல் நுனி மரத்துப் போய், பிறகு உயிர் வரும்போது ஊசியால் குத்துவதுபோல வலித்தது. 'உள்ளேயே இரு' என்று யாராவது எனக்கும் சொன்னால் நன்றாக இருக்குமே என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

பிப்ரவரி கடைசியில் நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, மைனஸ் 22. ஆறு மணிக்கு மேசைமேல் அவளுடைய போன் ஒளிர்ந்தது. அவர்தான். 'இன்னைக்கு ரொம்பக் குளிர். வந்து கார் கிளீன் பண்ணித் தரவா?'

எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். கீழே விளக்கு வெளிச்சத்தில் அவள் முன்கண்ணாடியை முடித்துவிட்டுப் பின்பக்கம் வந்திருந்தாள். கூரைமேல் கிடந்த பனியைத் தள்ளினாள். முகப்பு விளக்குகளைத் துடைத்தாள். பிறகு பக்கத்தில் நின்ற மாடி வீட்டு அக்காவின் காருக்குப் போய் அதன் வைப்பர்களை இறக்கிவிட்டாள். மேலே வந்ததும் போனைக் கொடுத்தேன். படித்தாள். "மணியாச்சுக்கா" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் தேடினாள்.