கட்டுக் கணக்கு

ஒன்ராறியோவில் புல் அறுவடை யூன் மாதத்தில் சூடுபிடிக்கும். அறுத்த புல் வயலில் காய்ந்துகொண்டிருக்கும்போதே விவசாயிகள் குதிரை லாயங்களுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். கேள்வி ஒன்றுதான்: வருகிற பனிக்காலத்துக்கு எத்தனை கட்டு வேணும்?

கவார்த்தா ஏரிகள் பக்கம் ஒரு சிறிய லாயத்தில் நான் வேலை பழகியபோது, இந்தக் கேள்விக்குப் பதில் தயாரிப்பதும் என் பாடங்களில் ஒன்றானது. லாயத்தை நடத்துகிறவர் எழுபது வயது தாண்டிய பெண்மணி. கணக்கின் கடைசி வரி வரைக்கும் ‘கட்டு’ என்ற பேச்சையே அவர் எடுக்க விடமாட்டார். "குதிரை இறாத்தலைத்தான் தின்னும். முதலில் குதிரையை நிறு" என்றார்.

நிறுப்பதற்குத் தராசு கிடையாது, தையல்காரரின் அளவு நாடாதான். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை இன்னோர் அளவு, இரண்டும் அங்குலத்தில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 330 ஆல் வகுக்க வேண்டும். சுற்று 75, நீளம் 66 என்றால் 1,125 இறாத்தல். ஓரளவு சரியாகவே வரும். எங்களிடம் சவாரிக் குதிரைகள் நான்கு, சராசரி 1,100 இறாத்தல். வண்டி இழுக்கும் பெர்ஷெரோன் ஒன்று, 1,800. குள்ளமான போனி ஒன்று, 600. மொத்தம் 6,800.

ஒரு குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் உலர்புல் தின்னும். அப்படியானால் எங்கள் லாயத்துக்கு ஒரு நாளைக்கு 136 இறாத்தல். போனிக்கு உண்மையில் அவ்வளவு கொடுப்பதில்லை. கொடுத்தால் கொழுத்துவிடும், குளம்புக்குள் அழற்சி வந்து நொண்டும். ஆனாலும் அதன் பங்கைக் கணக்கில் குறைக்க அவர் சம்மதிக்கவில்லை. மிஞ்சுவதைப் பெர்ஷெரோன் பார்த்துக்கொள்ளுமாம்.

அடுத்தது நாட்கள். பனிக்காலம் என்றதும் நான் டிசம்பர் முதல் மார்ச் வரை என்றுதான் நினைத்தேன். நகரத்தில் இருக்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். குதிரைக்குப் பனி ஒரு பொருட்டல்ல, புல்தான் பொருட்டு. ஒக்ரோபர் கடைசியிலேயே மேய்ச்சல் தீர்ந்துவிடும். ஏப்ரலில் பனி உருகித் தரை பச்சையானாலும் கதவைத் திறந்துவிடக் கூடாது. இளம்புல்லை வேரோடு மிதித்தால் அந்த வருட மேய்ச்சல் போச்சு. அந்தப் புல்லில் இருக்கும் சர்க்கரை குளம்புக்கும் ஆகாது. அதனால் எங்கள் கணக்கு ஒக்ரோபர் 25 முதல் மே 15 வரை, ஏறக்குறைய 200 நாட்கள். நியூ இங்கிலாந்துப் பக்கத்து விவசாயிகளிடம் பழைய சொலவடை ஒன்று உண்டு: பெப்ரவரி 2 அன்று, அதாவது மெழுகுதிரித் திருநாளன்று, கொட்டிலில் பாதிப் புல் மீதியிருக்க வேண்டும். நாட்காட்டியை வைத்து எண்ணிப் பார்த்தேன். ஒக்ரோபர் 25இலிருந்து அன்றைக்குச் சரியாக 100 நாள். இன்றைக்கும் அந்தத் தேதியில் கொட்டிலுக்குள் போய்க் கட்டுகளை எண்ணுகிறோம்.

136ஐ 200ஆல் பெருக்கினால் 27,200 இறாத்தல். இது வாய்க்குள் போகிற அளவு. வாங்குகிற அளவு வேறு.

குதிரை புல்லை இழுத்துக் கீழே போடும், மிதிக்கும், அதன்மேல் சிறுநீர் கழிக்கும், பிறகு அதைத் தொடாது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சோதனை ஒன்றில், பெரிய உருண்டைக் கட்டைத் தொட்டி எதுவும் இல்லாமல் வெறுந்தரையில் வைத்தபோது 57 சதவீதம் வீணானது. விதவிதமான தீவனத் தொட்டிகளில் வைத்தபோது அது 5 முதல் 33 சதவீதம் வரை இருந்தது. நாங்கள் சிறிய சதுரக் கட்டுகளைப் பிரித்து வலைப்பையில் தொங்கவிடுகிறோம். ஆனாலும் மார்ச் மாதச் சேறு இருக்கிறதே! சேதாரம் 15 சதவீதம் என்று வைத்து 27,200ஐ 0.85ஆல் வகுத்தோம். 32,000 இறாத்தல்.

இப்போதுதான் கட்டை எடுக்கலாம் என்றார். விவசாயி சொல்வது 50 இறாத்தல் கட்டு. ஆளைக் குளியலறைத் தராசில் ஏற்றி, பிறகு கட்டோடு ஏற்றி, வித்தியாசத்தைப் பார்ப்பதுதான் வழி. வண்டியின் வேறு வேறு இடங்களிலிருந்து பத்துக் கட்டுகளை இழுத்து நிறுத்தோம். சராசரி 42. விவசாயி பொய் சொன்னார் என்றில்லை. காய்ந்த திமோத்திப் புல் இலேசானது, குதிரைமசால் கலந்தால் கனக்கும். இயந்திரம் எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறது என்பதும் உண்டு. 32,000ஐ 50ஆல் வகுத்தால் 640 கட்டு, 42ஆல் வகுத்தால் 762.

குளிருக்கு எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. மயிர் அடர்ந்து குளிருக்குப் பழகிய குதிரைக்கு மைனஸ் 15 பாகை வரை கவலையில்லை. அதற்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் தீவனம் ஏறக்குறைய 2.5 சதவீதம் கூட வேண்டும். தானியத்தைவிடப் புல்லே நல்லது, பெருங்குடலில் அது நொதிக்கும்போது உடம்பு சூடாகும். மைனஸ் 25 வரை போகிற நாட்கள் முப்பது வந்தாலும், நாளுக்கு 34 இறாத்தல் வீதம் 1,020 இறாத்தல்தான் கூடும். வெறும் 24 கட்டு! சேதாரம் தின்பதோ நூற்றுக்கு மேல். ஊரெல்லாம் குளிரைப் பற்றியே கதைக்கிறது, கொட்டிலைக் காலி செய்வது சேறு.

தரத்தைப் பார்ப்பது மூக்கின் வேலை. வன்னியில் எங்கள் மாடுகள் மழையில் நனைந்த வைக்கலையும் உதறித் தின்னும். குதிரைக்கு அது சரிவராது. பூஞ்சணம் பிடித்த புல்லால் வயிற்றுக்குத்து வரும், தூசு சுவாசத்தைக் கெடுக்கும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஈரத்தோடு கட்டிய புல் உள்ளே வெந்து தானாகவே தீப்பற்றும். அடுக்கிய முதல் வாரங்களில் நீண்ட வெப்பமானியைக் குத்திப் பார்ப்போம். 65 பாகை தாண்டினால் தீயணைப்புப் படைக்குச் சொல்ல வேண்டும்.

786 கட்டு என்று எழுதிக் கொடுத்தேன். அவர் 850 என்று திருத்தினார். வசந்தம் இரண்டு வாரம் பிந்தினால் ஐம்பத்துச் சொச்சம் கட்டு போகும், மார்ச்சில் புல் தேடி அலைகிறவனுக்கு விலை பேசும் வாய் இருக்காது என்றார். மிஞ்சினால்? வாசல் பக்கம் இழுத்து அடுக்கி, ஒக்ரோபரில் முதலில் அதைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்து நனையாமல் கிடந்த புல்லில் கரோட்டீன் குறையும், வயிறு நிறைவதில் குறைவிருக்காது. அதற்குப் பிறகும் கிடந்தால் பக்கத்துப் பண்ணை மாடுகளுக்கு.