குந்திப்புழைக்குப் போனது

டிசம்பர் 11, புதன்
காற்று நிற்கவே இல்லை. ராத்திரி முழுக்கப் பனையோலைச் சத்தம். உதடு வெடித்து எரிகிறது. குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. முக்காலி வன அலுவலகத்துக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை ஜீப்பில் இடம் இருக்கிறதாம். சைலண்ட் வேலி! எரிச்சலெல்லாம் போய்விட்டது. சிங்கவால் மந்தியைப் பார்க்க வேண்டும். அது ஒன்று போதும்.

டிசம்பர் 12, வியாழன்
முட்டி வலி. போகலாமா, வேண்டாமா? அம்மா வேறு: "தோப்புல இல்லாத குரங்காடீ அங்க இருக்குது?" உலகத்திலேயே இந்த மேற்குத்தொடர் மலையில் மட்டும்தான் இருக்கிறது என்றேன். "இருக்கட்டும். தண்ணி வருதா பாரு." வரவில்லை. கோபம் வந்தது. பிறகு அவள்தான் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். போகிறேன்.

டிசம்பர் 13, வெள்ளி
மண்ணார்க்காடு. சித்தி வீடு. இங்கே காற்று அவ்வளவாக இல்லை, உதட்டுக்கு நிம்மதி. சாப்பிட்டதும் சித்தப்பா ஆரம்பித்தார். 1973-ல் திட்டக்குழு சைலண்ட் வேலியில் குந்திப்புழை ஆற்றில் அணை கட்டச் சம்மதம் கொடுத்தது. அணை வேண்டாமென்று சாஸ்திர சாகித்ய பரிஷத்காரர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள். சுகதகுமாரி கவிதை எழுதினார். 1983-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். "நீங்க யார் பக்கம் சித்தப்பா?" "அணை பக்கம்தான். கரண்ட் வரும், வேலை வரும்னு நெனச்சோம்." அப்புறம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. தூக்கம் வரவில்லை. நாளை மந்தி தெரியுமா?

டிசம்பர் 14, சனி
முக்காலியிலிருந்து சைரந்திரி 23 கிலோமீட்டர். குலுக்கலில் முட்டி செத்தது. கூட வந்த அட்டப்பாடித் தம்பிக்கு ஒவ்வொரு மரமும் தெரிகிறது. வெடிப்பலாவைக் காட்டினான். மந்திக்கு அதுதான் உயிராம். அண்ணாந்து அண்ணாந்து கழுத்தும் போச்சு. கருமந்தி வந்தது. மலையணில் வந்தது. சிங்கவால் வரவில்லை. அழுகை முட்டியது, இந்த வயதில்.

கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறினேன். கீழே பள்ளத்தாக்கு, நடுவில் குந்திப்புழை. அணை கட்ட நினைத்த இடத்தைத் தம்பி கை நீட்டிக் காட்டினான். இந்தப் பச்சையெல்லாம் தண்ணீருக்குள் போயிருக்கும். நெஞ்சு அடைத்தது. மந்தியை மறந்தே போனேன்.

இறங்கும்போது மறுபடி மரத்தைத்தான் பார்த்தேன். ஒரு வளைவில் ஜீப் நின்றது. உச்சிக்கிளையில் ஏதோ கறுப்பாக அசைந்தது. முகத்தைச் சுற்றி நரை முடி. வால் நுனியில் குஞ்சம். அவ்வளவுதான். போய்விட்டது. கை நடுங்கியது. பார்த்துவிட்டேன்!

டிசம்பர் 15, ஞாயிறு
எலப்புள்ளி. மறுபடி காற்று, மறுபடி உதடு. குழாய் சொட்டவில்லை. குடத்தோடு நிற்கும்போது குந்தி ஞாபகம். நம்ம கல்பாத்திப்புழை பரளி வழியாகப் பாரதப்புழைக்குப் போகிறது. குந்தி தூதப்புழையில் விழுந்து அதே பாரதப்புழைக்கு வருகிறது. ஒரே ஆற்றின் பிள்ளைகள்; ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர்.

அம்மா கேட்டாள், "குரங்கு தெரிஞ்சுதா?" தெரிந்தது என்றேன். "தண்ணி?" அதுவும் என்றேன்.

1984 நவம்பரில் சைலண்ட் வேலியைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். காட்டை விட்டுவைத்தார்கள், ஆறு ஓடுகிறது. இனி எந்தக் காரணம் சொல்லிக்கொண்டும் யாரும் அதில் கை வைக்கக் கூடாது.